பாதிக் கருப்பட்டி

வருவாய்த்துறையில் ஆயுளைக் கழித்தவன் நான். பேய் பார்த்தேன் என்று யாராவது வந்தால் சாட்சி உண்டா என்று கேட்கிற ரகம். என் மனைவி லெச்சுமி போனதும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் எல்லாம் நானே அலைந்து முடித்தேன். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் அடியோடு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

லெச்சுமி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி இங்கே வந்தவள். அவளுடைய அத்தை மகன் முருகேசு அங்கேயே தங்கி, பிறகு கனடா போய், வயதான காலத்தில் நுவரெலியாவுக்கே திரும்பிவிட்டவர். போன ஐப்பசியில் பழனிக்குச் சாமி கும்பிட வந்தவர், விசாரித்துக்கொண்டு மலைமேல் செண்பகனூரில் என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, லெச்சி இருக்குதா?"

லெச்சி! நான்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இந்த மனிதர் பேச்சு வந்தாலே அவள் முகம் மாறுவதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்தவன் நான்.

"உக்காருங்க, டீ போட்டுட்டு வாரேன்" என்றேன். அவள் போய்ச்சேர்ந்த சேதியை டீ குடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பட்டப்பகல்தான், ஆனால் மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. டம்ளர்களோடு திரும்பினால், மனிதர் உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"சீனி போட்டுட்டீங்களா அண்ணே? தோட்டத்துல கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டுத்தான் பால் ஊத்தாத சாயத்தண்ணி குடிப்போம். லெச்சி மறக்கல பாருங்க."

"யாரு குடுத்தா?"

"லெச்சிதான். குடுத்துட்டு இந்த ரூமுக்குள்ள போச்சு. ஒரு வார்த்த பேசல. இத்தன வருசம் வரலன்னு கோவம்போல."

எனக்குச் சர்க்கரை நோய். வீட்டில் கருப்பட்டியே கிடையாது. குனிந்து பார்த்தேன். பாதி கடித்த துண்டு. பல் பதிந்த இடத்தில் துணியின் இழை அச்சாக விழுந்திருந்தது. எச்சில் படாமல் முந்தானையால் மூடிக் கடித்துப் பங்கு வைக்கிற காக்காக் கடி.

"நீங்க கடிச்சீங்களா?"

"எனக்கு ஏதுண்ணே பல்லு? எல்லாம் கனடாவுல கட்டுனது."

அவர் காட்டிய அறைக்கே கூட்டிப்போனேன். மாலை போட்ட அவள் படம் அங்கேதான் இருக்கிறது. பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அழுதார்.

"அந்தத் துண்ட எங்கிட்ட குடுத்துருங்க" என்றேன்.

கையை மூடிக்கொண்டார். "எனக்குக் குடுத்தது அண்ணே."

கொண்டுபோயே விட்டார்.

பயமாக இல்லையா என்கிறீர்கள். பயமென்ன பயம்! தனியாக இதே வீட்டில்தான் கிடக்கிறேன், எனக்கு ஒரு நிழல்கூடக் காட்டாதவள், கடல் தாண்டி வந்தவருக்குக் கடித்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது நானும் கருப்பட்டி வாங்கி, ராத்திரி அவள் படத்துக்குக் கீழே வைக்கிறேன். காலையில் முழுசாக அப்படியே இருக்கிறது.

எறும்புகூட வருவதில்லை.