ஆற்றின் மேலாக வந்த அழைப்பு

என் மனைவி ஜெசிந்தாவின் சிறுநீரகங்கள் இரண்டும் இனி வேலை செய்யாது என்று டொக்டர் சொன்னபோது, நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு டெனிஷ் நன்றாகவே தெரியும். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு தொழிற்சாலையில் எத்தனையோ வருடமாக வேலை செய்கிறேன். ஆனால் அன்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஜெசிந்தாதான் என் கையைத் தட்டி, "எழும்புங்கோ, வீட்டை போவம்" என்றாள்.

அவளுடைய வயிற்றில் ஒரு குழாய் பொருத்தினார்கள். தினமும் பல தடவை அதன் வழியாக மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வெளியே எடுக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பார்த்த வேலையை அவள் விட்டாள். என்னுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தவில்லை. பக்கத்து நகரான கோல்டிங்கில் இருக்கிற எங்கள் மகள் மெரின் தன்னுடையதைத் தருகிறேன் என்று அழுதாள். தாய் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். இறந்துபோகும் யாராவது ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவளுடைய பெயரையும் பதிந்தார்கள். "எந்த நேரமும் கூப்பிடுவோம். கூப்பிட்டால் உடனே வரவேண்டும்" என்றார்கள்.

வருடங்கள் போயின. ஒரு தடவை கூப்பிட்டார்கள். ஓடினோம். உடுப்பு மாற்றிப் படுக்க வைத்த பிறகு, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜெசிந்தா செபமாலையைக் கையில் எடுப்பாள். வாய் அசையாது. நான் அதைக் கண்டும் காணாதவன் போல இருப்பேன். என் நெஞ்சும் வறண்டுதான் கிடந்தது.

போன ஓகஸ்டில், இலங்கையில் எங்கள் மடு மாதா கோயில் திருவிழா நடக்கிற நாட்களில், அவள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அதற்காக ஊருக்கு, மன்னாருக்குப் போகிற நிலைமை இல்லை. என்னோடு வேலை செய்கிற ஒரு டெனிஷ்காரர் தன்னுடைய கேம்பர் வானைத் தந்தார். படுக்கை, அடுப்பு, மின்சாரம் எல்லாம் உள்ளேயே இருந்தன. மருந்து நீர்ப் பைகளை அடுக்கவும் இடம் இருந்தது. "எங்கை போவம்?" என்று கேட்டேன்.

"யெலிங்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கடை டெனிஷ் பாஸ்போட்டிலை படம் போட்டிருக்கிற அந்தக் கல்லை ஒருக்காப் பாக்கவேணும்" என்றாள்.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத இடம். இத்தனை காலம் டென்மார்க்கில் இருந்தும் நாங்கள் போனதில்லை. யெலிங்கிலிருந்து கொஞ்சத் தூரத்தில், குடனோ ஆற்றின் கரையில், கூடாரமும் வானும் போட்டுத் தங்குகிற ஒரு கேம்பிங்கில் வானை நிறுத்தினோம். ஆறு அங்கே சிறியது. கனோ படகில் போகிறவர்கள் கரையில் நிற்பவர்களுக்குக் கை காட்டிவிட்டுப் போவார்கள். கேம்பிங்கை நடத்துபவர் ஹன்னே என்ற அம்மா. மருந்துப் பைகளைக் கண்டதும், எதுவும் கேட்காமல் குளியலறைக்குக் கிட்ட இருந்த இடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்.

அடுத்த நாள் அந்தக் கல்லைப் பார்த்தோம். ஆயிரம் வருடத்துக்கும் மேலான கல். கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு அரசன் இந்த நாட்டு மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியதாக அதில் எழுதியிருக்கிறதாம். ஒரு பக்கத்தில் இயேசு. சிலுவையைக் காணவில்லை. கொடிகள் அவரைச் சுற்றிப் பிணைந்திருக்க, இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறார். ஜெசிந்தா வெகுநேரம் அசையாமல் நின்றாள். எனக்கு மேல் சிலிர்த்தது. நாங்கள் அகதிகளாக வந்து இறங்குவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னமே அவர் இங்கே வந்து கைவிரித்து நின்றிருக்கிறார்.

அன்று பின்னேரம் ஆற்றங்கரைப் பாதையால் நடந்தோம். முதல் நாள் பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. என்னுடைய போன் சார்ஜ் இல்லாமல் வானிலேயே கிடந்தது. அவளுடையது அவளிடம் இருந்தது. தாழ்வான ஒரு மரப்பாலத்தில் அவள் குனிந்து தண்ணீரைத் தொட்டபோது, சட்டைப்பையில் இருந்த அந்தப் போன் நழுவி ஆற்றில் விழுந்தது. நான் பதறிப்போய் முழங்கால் வரை இறங்கித் தேடினேன். சேறுதான் அகப்பட்டது.

"உடனை திரும்பிப் போவம்" என்றேன். அவளால் நடக்க முடியவில்லை. கரையில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்கோப்பா. அதுவும் போகட்டும். அடுத்த முறை டொக்டரைக் காணேக்கை, என்ரை பேரை எடுத்துவிடச் சொல்லப்போறன். இனிக் காத்திருக்க ஏலாது."

"அப்பிடிக் கதையாதை, ஜெசி."

"நான் களைச்சுப்போனன்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஈரக் காற்சட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்து கண்களை மூடினேன். பெரிய செபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இவள் கைவிட்டுவிட்டாள். எனக்கும் பலமில்லை. இனி நீர்தான் பேசவேணும்." அவ்வளவுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஆற்றின் வளைவுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

"யெசின்டா! யெசின்டா!"

ஜெசிந்தா என் கையை இறுகப் பிடித்தாள். "ஆரப்பா என்னைக் கூப்பிடுகினம்?"

ஆளைக் காணவில்லை. தண்ணீருக்கு மேலாகக் குரல் மட்டும் வந்தது. இன்னும் ஒரு குரல் சேர்ந்தது. பிறகு வளைவைத் தாண்டி ஒரு கனோ வந்தது. அதில் நாங்கள் முன்பின் அறியாத ஒரு டெனிஷ் தம்பதி. எங்களைக் கண்டதும் அந்தப் பெண் துடுப்பை உயர்த்திக் கத்தினார்: "நீங்கள்தானா? மருத்துவமனை தேடுகிறது! உங்களுக்குச் சிறுநீரகம் வந்திருக்கிறதாம்!"

நடந்தது இதுதான். ஓர்ஹூஸ் நகர மருத்துவமனையிலிருந்து எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறார்கள். பதில் இல்லாததால் மெரினை அழைத்திருக்கிறார்கள். மெரின் கேம்பிங்குக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறாள். ஹன்னே அங்கே நின்ற எல்லோரையும் கூப்பிட்டு, சிலரைச் சைக்கிளிலும் சிலரைக் கனோவிலும் அனுப்பியிருக்கிறார். ஜெசிந்தாவை அந்தக் கனோவிலேயே ஏற்றினார்கள். நான் கரையால் ஓடினேன்.

கேம்பர் வானைக் கிளப்பினேன். சில்லு ஈரப்புல்லில் புதைந்து சுற்றியது. ஜெர்மன்காரரும் டெனிஷ்காரரும் வந்து தள்ளினார்கள். அசையவில்லை. அதற்குள் ஹன்னே தன்னுடைய காரைக் கொண்டுவந்துவிட்டார். "அதை விடுங்கள். ஏறுங்கள்" என்றார். கேம்பிங் கதவுகளின் திறப்புக் கோர்வையை அங்கே நின்ற ஒருவரிடம் எறிந்துவிட்டு, தானே எங்களை ஓர்ஹூஸுக்கு ஓட்டிப்போனார்.

வழியில் நான் சத்தமாகச் செபமாலை சொன்னேன். ஹன்னே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் நிறுத்தாதீர்கள்" என்றார்.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். பழையபடி திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் யோசனை. ஜெசிந்தாவின் யோசனை வேறாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, இப்ப எங்கையோ ஒரு வீட்டிலை அழுதுகொண்டிருப்பினம், என்ன?"

"ஓம்."

"முதல் அவையளுக்காகச் செபம் சொல்லுவம். என்ரை காரியத்தைப் பிறகு பாப்பம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் ஒரு சிறுநீரகம் தாரும் என்று மன்றாடினேன். அது யாரோ ஒருவருடைய மரணத்தின் வழியாகத்தான் வரும் என்பதை நான் ஒருநாளும் மனதில் எடுத்ததில்லை. முகம் தெரியாத அந்த ஆத்துமாவுக்காக இருவரும் செபித்தோம். அவளுடைய வாய் அசைந்தது. குரலும் வந்தது. அந்த இடத்திலேயே எனக்கு ஒரு அற்புதம் நடந்துவிட்டது.

பொருந்தியது என்று தாதி வந்து சொன்னபோது மெரினும் வந்துவிட்டாள். சத்திரசிகிச்சை முடிந்து அடுத்த நாள் காலை உள்ளே விட்டார்கள். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் மஞ்சளாகச் சிறுநீர் நிறைந்திருந்தது. பொருத்திய உடனேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றார் டொக்டர். சிறுநீரைப் பார்த்து முழந்தாளிட்டு அழுத மனிதன் நான். மெரின், "அப்பா, எழும்புங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

இன்று ஜெசிந்தா திரும்பவும் வேலைக்குப் போகிறாள், அரை நேரம்தான். தினமும் மருந்து குடிக்கவேண்டும், கவனமாக இருக்கவேண்டும். ஆனாலும் காலையில் அவள் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டால், நான் படுக்கையிலிருந்தபடியே நன்றி சொல்லுவேன்.

எங்களுக்குத் தந்தவர் யார் என்று இந்த நாட்டில் சொல்லமாட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். எங்கள் வீட்டு இரவுச் செபத்தில் அந்த மனிதருக்கும் ஓர் இடம் உண்டு. நானும் மெரினும் எங்கள் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதம் தெரிவித்துப் பதிந்துவிட்டோம்.

அன்பானவர்களே, காத்திருந்து களைத்துப்போனவர்கள் உங்களுக்குள் இருக்கலாம். செபிக்க வாய் வரவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். நான் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்டார். உங்களுடையதையும் கேட்பார்.