பெயர் சொல்லக் கூடாத பாராட்டு விழா

அண்மையில் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஒரு பாராட்டு விழாவுக்குப் போனேன். சும்மா போனேனா? பேசியும் விட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

விழா நம்மவர்களுடையது அல்ல, ஸ்பெயின்காரர்களுடையது. பாரிஸ், மெக்ஸிகோ, சிட்னி என்று நாடு விட்டுப் போய்ப் படம் எடுக்கும் தங்கள் ஆட்களின் குறும்படங்களை ஒரே மாலையில் போட்டுக் காட்டி, அவர்களைக் கௌரவிப்பதாக ஏற்பாடு. கீழ் ஃபிளாட்டில் இருக்கும் இசபெல் எங்களையும் அழைத்திருந்தாள். இசபெல் என்பது நான் வைத்த பெயர். நாள், கிழமைகூட மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

இசபெலுக்குப் பகலில் பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவும் கையுமாகத் திரிவாள். முதல் நாள் படிக்கட்டில் கண்டபோதே நான் வழக்கம்போல விசாரித்துவிட்டேன் – எந்த ஊர், அப்பா யார், அவர் என்ன செய்கிறார்? இந்த ஊர் வெள்ளைக்காரர்கள் என்றால் முறைத்திருப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். வடக்கே ஒரு சுரங்க ஊர். அப்பா பேக்கரி வைத்திருந்தவர். இப்போது படுத்த படுக்கை. வருஷக்கணக்காகப் பார்க்காத அந்த அப்பாவைப் பார்க்க, விழா முடிந்த கையோடு செவ்வாய்க்கிழமை விமானம் ஏற இருந்தாள்.

நானும் என் மனைவி கமலாவும் போனோம். கடை ஒன்றுக்கு மேலே மாடி ஹால். உட்கார மடக்குக் கதிரைகள். சுவரில் வெள்ளைச் சீலை. புரொஜெக்டர் தையல் மெஷின் மாதிரிக் கடகடவென்று ஓடியது.

இசபெலின் படம் கடைசியில் வந்தது. ஒரு குசினி, அடுப்பில் பானை. ஒரு மனிதர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறார். சீவிக்கொண்டே பேசுகிறார். சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்ததற்காகப் பொலிஸ் தன்னை என்ன செய்தது என்று சொல்கிறார். இசபெல் என் காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். படம் முடியும்வரை அவர் திரும்பவே இல்லை. பக்கத்துக் கதிரைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

படம் முடிந்தது. வெள்ளை வெளிச்சம். எடுத்தவர் பெயர் வரவில்லை! யோசித்துப் பார்த்தேன்… எந்தப் படத்திலுமே வரவில்லை.

பாராட்டு விழா என்று கூப்பிட்டுவிட்டு, பாராட்டப்படுகிறவரின் பெயரைச் சொல்லாமல் விடுவதா? எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நன்றியுரையில் தன் பெயர் விட்டுப்போனது என்று, வடை சுட்டுத் தந்த ஒருவர் இரண்டு தீபாவளிக்குக் குடும்பத்தோடு வராமல் இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஸ்பெயின்காரர்களின் சங்கச் செயலாளர், வெள்ளை மீசைக்காரர், எழுந்து எங்களைப் பார்த்து, "விருந்தினர்கள் ஏதாவது சொல்ல விரும்பினால்…" என்றார். மரியாதைக்குக் கேட்டார். நான் எழுந்துவிட்டேன்.

கமலா கோட்டைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோப்பா! உங்களை ஆர் இப்ப பேசச் சொன்னது?"

"அந்த மனுசன் கேட்டவர்தானே!"

பேசினேன். நம்முடைய முறைப்படி பேசினேன். இந்த அருமையான படத்தை எடுத்தவர் இன்னார். இன்ன ஊர் பேக்கரிக்காரர் இன்னாருடைய மகள். பெற்ற தகப்பனைப் பார்க்க வருகிற செவ்வாய்க்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார். எல்லோரும் கைதட்டி வழியனுப்பி வைப்போம்!

ஒரு கைகூடத் தட்டவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். யாரோ கதிரையை மடக்கும் சத்தம். செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தார். நானும் திரும்பினேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவன் கதவோரம் நின்றான். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, மெல்லப் படியிறங்கிப் போய்விட்டான்.

இசபெலின் முகத்தில் ரத்தமே இல்லை.

செயலாளர் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எங்கள் நாட்டில் முப்பது வருஷமாக ஒரு ஜெனரலின் ஆட்சி நடக்கிறது. இந்தப் படங்களை எடுப்பது அங்கே குற்றம். இங்கே நடப்பதை யாரோ அங்கே எழுதி அனுப்புகிறார்கள். முன்பு இப்படி ஒரு மாலைக்கு வந்துவிட்டு ஊருக்குப் போன ஒருவரை விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். இன்னும் விடவில்லை. நீங்கள் அவள் பெயரைச் சொன்னீர்கள். தகப்பன் பெயர், ஊர், எல்லாம் சொன்னீர்கள். என்றைக்குப் போய் இறங்குகிறாள் என்பதையும் சொல்லிவிட்டீர்கள்."

கமலாதான் என் கோட்டை எடுத்து மாட்டிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். ரயிலில் இசபெல் எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கமலா பிடித்துக்கொண்டாள். "உந்த வாய்… உந்த வாயாலை ஒரு பெட்டையின்ர சீவியம் போகப் போகுது. அந்தத் தேப்பன் கண்ணை மூடமுந்தி மகளைக் காணுவாரோ, இல்லாட்டி மகளைப் பிடிச்சு மறியல்லை போட்டாங்கள் எண்ட சேதியைக் கேப்பாரோ?"

இரவு முழுக்க அந்தச் சாம்பல் கோட்டுதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் பொறுக்க முடியாமல் அந்த ஹாலுக்கே போனேன். கீழே கடை வாசலில் ஒருவன் நின்றான். சாம்பல் கோட்டு! என்ன தைரியத்தில் கிட்டப் போனேனோ தெரியாது. நேற்று மேலே வந்தது நீங்கள்தானே என்று கேட்டேன்.

"ஆமாம். நான்தான் கட்டடத்தைப் பூட்டுகிறவன். முடிந்துவிட்டதா என்று பார்க்க வந்தேன். யாரோ ஒருத்தன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான், திரும்பிப் போய்விட்டேன்" என்றான்.

அந்த யாரோ ஒருத்தன் நான்தான். அவனைக் கட்டிப் பிடிக்காத குறை! ஸ்டேஷனுக்கு ஓடினேன். இறங்கி வீடுவரை ஓடினேன். இசபெலின் கதவைத் தட்டி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். "அவன் வாட்ச்மேன்! வெறும் வாட்ச்மேன்! பயமே இல்லை!"

அவள் சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"மிஸ்டர் சிவா, புது ஆளுக்கு நாங்கள் பயப்படுவதில்லை. அவனை எல்லோரும் கவனிப்பார்கள். எழுதி அனுப்புகிறவன் எங்களில் ஒருவன். எனக்குக் காப்பி ஊற்றித் தந்தவனாக இருக்கலாம். படம் பார்த்து அழுதவனாகக்கூட இருக்கலாம்."

அவ்வளவுதான். வந்த சந்தோஷம் வந்த வழியே போயிற்று. இதைக் கேட்ட பிறகு, அந்த ஹாலில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் நல்ல முகங்கள். அதுதான் பயமாக இருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் மேடையிலிருந்து பார்த்தால் எல்லா முகமும் நல்ல முகம்தானே?

"அப்படியானால் போகாதே. பயணத்தைத் தள்ளி வை" என்றேன்.

"நான் தள்ளி வைக்கலாம். அப்பாவால் தள்ளி வைக்க முடியுமா?"

செவ்வாய்க்கிழமை நாங்கள்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வழியில் நான் வாயே திறக்கவில்லை. கமலா அவள் கையைப் பிடித்தபடியே இருந்தாள். உள்ளே போகிற இடத்தில் இசபெல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கள் ஊரில் அப்பாவின் பெயரை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் ஜெயிலில் இருந்தவர். ஒரு சபையில் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். பயத்தில் நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன்… ஆனாலும் கேட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் விடவில்லை.

"ஒரு மாதத்தில் நான் வராவிட்டால், அதே ஹாலுக்குப் போங்கள். பேப்பர்காரர்களையும் கூப்பிடுங்கள். அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். என் பெயர், அப்பா பெயர், ஊர். வெளியே ஆட்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர்களை அடிக்க யோசிப்பார்கள். அப்போது பயந்துபோய் மெதுவாகப் பேசிவிடாதீர்கள், மிஸ்டர் சிவா."

போய்விட்டாள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை; இதை எழுதுகிற இந்த நிமிஷம்வரை ஒரு தகவலும் இல்லை.

மைக் கிடைத்தால் விடாத ஆள் நான், உங்களுக்கே தெரியும். அவள் சொன்ன அந்த ஒரு கூட்டத்தில் மட்டும் எனக்குப் பேசக் கிடைக்கவே கூடாது.