தெர்மாகோலைத் தின்ற வாத்துகள்

ஒரு சித்திரை மாதக் காலையில் தக்கலையிலிருந்து லில்லி வந்தார். எங்கள் பொம்மைகளை வாங்கி விற்கும் கடைக்காரி. இடுப்பில் மகள், பல் முளைக்கிற வயது; கையில் ஒரு பெட்டி.

"சார், உங்க வாத்து பெட்டியத் தின்னுட்டு" என்றார்.

முதலாளி பொன்னையா சிரித்தார். "பிளாஸ்டிக் வாத்தாக்கும். அது எப்பிடித் தின்னும்?"

பெட்டியைத் திறந்தோம். பன்னிரண்டு மஞ்சள் வாத்துகளும் தெர்மாகோல் தட்டுக்குள் கழுத்துவரை இறங்கியிருந்தன. குளத்தில் குளிக்கிற மாதிரி நிம்மதியான முகம். ஒன்றை இழுத்தேன். தெர்மாகோல் பலாப்பழப் பசைபோல நூல்நூலாகக் கூடவே வந்தது.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறு கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கர். கெமிஸ்ட்ரி படித்தவள். என் வேலை ஒவ்வொரு வாத்தையும் அமுக்கிப் பார்ப்பது. 'கீ' என்று கத்தினால் பாஸ், கத்தாவிட்டால் ரிஜெக்ட்.

"என்ன மக்ளே, வெயிலா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"வெயிலும் உண்டு சார். முக்கியமா ஆயில்."

வாத்து செய்கிற பிவிசி பிளாஸ்டிக் தனியாக இருந்தால் விறைப்பாக இருக்கும். டிஓபி என்கிற ஆயிலைச் சேர்த்தால்தான் மெத்தென்று வரும். அந்த ஆயில் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை, உள்ளே குடியிருக்கும், அவ்வளவுதான். சூடு பட்டாலும் குழந்தை சப்பினாலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். தெர்மாகோலைத் தொட்டால் அதை இளக்கிவிடும்.

முதலாளி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "அப்போ தெர்மாகோலுதான் குத்தம். இனிமே அட்டைப்பெட்டி."

"தெர்மாகோல இந்தப் பாடு படுத்தினது பிள்ளைக்க வாயில என்ன செய்யும்?" என்று லில்லி கேட்டார்.

இந்த ஆயில் ஹார்மோனைக் குழப்பும் என்ற சந்தேகத்தில் பல நாடுகள் பொம்மைகளில் இதற்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி திறந்தார். பெட்டியிலிருந்து ஒரு வாத்தைப் பிய்த்து எடுத்து, துடைத்து, தலையைக் கடித்துக்கொண்டே பேசினார்.

"பாத்துக்கிடுங்க. நான்... கீ... அறுவது வயசுக்காரன்... கீ... எனக்கு ஒண்ணும் ஆவல்லியே... கீ."

மோல்டிங் ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். குழந்தை கெக்கலித்துச் சிரித்து, வாத்துக்காக இரண்டு கையையும் நீட்டியது.

அவர் வாத்தை வாயிலிருந்து எடுத்தார். கொடுக்கப் போனார். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு வேண்டாம். எச்சிலாக்கும்."

"புதுசு இருக்கே சார், அதில ஒண்ணு குடுங்க."

அவர் எடுக்கவில்லை. வாத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையிலிருந்து தலை மட்டும் தெரிந்தது.

லில்லி மெதுவாகத்தான் சொன்னார். "அறுவது வயசுக்காரரு கடிக்கலாம். பிள்ளைக்குன்னே செய்த வாத்த பிள்ளை கடிக்கப்பிடாது, இல்லியா?"

லில்லி போனபின் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஒனக்கு இது முந்தியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"கத்துதான்னு மட்டும் பாக்கச் சொன்னீங்க."

அவருக்கு வைத்த குத்து என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் முகம்தான் சுட்டது.

அந்த வாரமே எல்லாக் கடைகளிலிருந்தும் வாத்துகளைத் திரும்ப எடுத்தோம். டிஓபியை நிறுத்தி, பொம்மைகளுக்கு அனுமதித்த வேறு ஆயிலுக்கு மாறினோம். ஒவ்வொரு பேட்ச்சும் லேபுக்குப் போய்வந்த பிறகுதான் பேக்கிங். முதல் பேட்ச் வாத்துகள் கல்லு மாதிரி இருந்தன. "இத எறிஞ்சு மாங்கா அடிக்கலாம்" என்றார் முதலாளி. மூன்றாவது பேட்ச்சில் சரியாகி, லில்லி மறுபடி ஆர்டர் கொடுத்தார்.

புதிதாகக் குவாலிட்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செக் லிஸ்டில் இல்லாத ஒரு கேள்வி உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதைக் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான். பேச்சு வராத ஒரு குழந்தை கை நீட்டும்வரை நான் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்க வேண்டாம்.