துரைசாணி வாங்கிய படம்

பக்கத்து வீட்டில் ஜன்னலுக்குச் சாயம் பூசுகிறார்கள். அந்த எண்ணெய் வாசம் வந்ததும் ரோஸ் அக்கா என் கண்முன் வந்து நிற்கிறாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. காய்ச்சலில் அம்மா போய் ஒரு வருடம். அதே காய்ச்சலில் தாயை இழந்த பிள்ளைகளுக்காகக் கண்டியில் எங்கள் தேவாலயத்தில் ஏலம் வைத்தார்கள். ஆளுக்கொரு கைவேலை கேட்டார் பாதிரியார். படம் வரையப் படிக்காத அக்கா, ஒரு மாதம் உட்கார்ந்து நினைவிலிருந்தே அம்மாவின் முகத்தை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தாள். வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை.

வரைந்து முடித்ததும், "இத குடுக்க வேணாம்ப்பா," என்றாள்.

"குடும்மா. ஏலத்துல நாமளே எடுத்துருவோம்," என்றார் அப்பா.

ஏலத்தில் அப்பாதான் முதலில் விலை கேட்டார். முன்வரிசையிலிருந்து ஒரு துரைசாணி சிரித்தபடி கூட்டிக் கேட்டார். அப்பா கிளாக்கராக இருந்த புசல்லாவைத் தோட்டத்துத் துரையின் மனைவி. பாதி உயர்ந்த அப்பாவின் கை மடிக்கு இறங்கியது.

"கேளுங்கப்பா," என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா நிமிரவே இல்லை.

அம்மாவின் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. அது எந்தக் கன்னம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. கேட்பதற்கு அக்காவும் இல்லை.