எந்தக் காத்துக்கு?

மன்னார் நகரில் காஸ் அடுப்பு விற்ற அந்த மனிதருக்கு ஒரு புருவம் பாதிதான் இருந்தது. எந்தக் குழாயைப் பூட்டினாலும் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே நெருப்புப் பெட்டியைத் தொடுவார்.

தலைமன்னாரில் நான் தொடங்கிய கூடாரத் தங்குமிடத்துக்கு முதல் விருந்தினர்கள் வரவிருந்தார்கள். பறவை பார்க்க வரும் நான்கு பேர். மாலையில் சுற்றியிருக்க நெருப்பு வேண்டுமென்றார்கள். காணி முழுக்கக் காய்ந்த பனையோலை. விறகு மூட்டக் காணிக்காரர் விடவில்லை. அதனால் தூக்கிச் செல்லக்கூடிய காஸ் நெருப்புச் சட்டி தேடிப் போனேன். கைபேசியில் எல்லாம் வாசித்து, அகலமான, அழகான ஒன்றைத் தெரிவுசெய்தும் வைத்திருந்தேன்.

"எந்தக் காத்துக்கு?" என்றார்.

"வாடைக் காத்துக்குத்தான். படத்தில நல்லா எரியுது அண்ணை."

"படத்தில காத்தடிக்காது தம்பி."

நான் காட்டியதையும் இன்னொன்றையும் வீதியோரம் வைத்துப் பற்றவைத்தார். என்னுடையது மூன்று தரம் அணைந்தது. உயர்ந்த விளிம்புள்ள மற்றக் கறுப்புச் சட்டி அசையாமல் எரிந்தது.

"இது கிணறு மாதிரி. நெருப்பே தெரியேல்லை," என்றேன்.

"குந்தியிருந்து பாருங்கோ."

இருவரும் குந்தினோம். சைக்கிளில் போன ஒருவர், "என்ன, றோட்டில கலியாணச் சமையலோ?" என்று கத்தினார்.

"ஓம், கோப்பையோட வா!" என்றார் இவர்.

"இப்பவும் தெரியேல்லை அண்ணை."

"வாறவை பாத்துக்கொள்ளுவினம். கொண்டுபோங்கோ."

அரை மனதோடு வாங்கினேன்.

விருந்தினர்கள் வந்த மாலை, சட்டியைச் சுற்றிக் கதிரைகளைத் தள்ளித் தள்ளித்தான் போட்டிருந்தேன். உள்ளே எரியும் நெருப்பைப் பார்க்க ஒவ்வொருவராகக் கதிரையை இழுத்து, முழங்கால்கள் முட்ட நெருங்கி இருந்தார்கள். சாப்பாடு ஆறியும் ஒருவரும் எழும்பவில்லை.

இதைத் தெரிந்துதான் அந்த மனிதர் தந்தாரா, காற்றை மட்டும்தான் பார்த்தாரா, இன்றும் எனக்குத் தெரியாது.