நிழல் பறிப்பவனுக்கு ஒரு படைப்பு

எனக்குப் பீடி சுற்ற வராது. தொண்ணூறுகளில், வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் முக்கூடலில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். நான் இலை வெட்டினால் கோணும். புகையிலைத் தூள் வைத்தால் சிந்தும். கடையில் பீடியைச் சரிபார்த்து வாங்குகிறவர் என் கட்டுகளில் பாதியைக் கழித்துப் போட்டுவிட்டு, "இனியும் இப்படிக் கொண்டுவந்தா அட்டையப் பிடுங்கிருவேன்" என்று எச்சரித்திருந்தார். கடையில் கணக்கு எழுதும் அந்த அட்டை போனால் இலையும் தூளும் கிடைக்காது. வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால் எனக்குக் கதை வரும். எங்கள் தெருப் பெண்கள் ஒரே வீட்டில் கூடித்தான் பீடி சுற்றுவோம். ஒருத்தி வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். அவள் கை சும்மா இருக்கிறதே என்று, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடியை அவள் தட்டில் போடுவது வழக்கம். நான் ஒரு படி மேலே போனேன். பத்திரிகையே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

என் கதையில் ஓர் இருட்டரசன். மலைக்கு அந்தப் பக்கம் அவன் கோட்டை. இந்தப் பக்கத்து ஏழை ஊர் ஒன்றுக்கு அவன் இறங்கி வந்து யார் நிழலை மிதித்தாலும் அது அவனுக்குச் சொந்தமாகிவிடும். நிழலை இழந்தவன் அவன் சொன்னதையெல்லாம் செய்வான். அரசன் கையை உயர்த்தினால் மழை நிற்கும், ஆறு வந்த வழியே திரும்பும். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது.

எதிர்வீட்டு மதினிக்குப் புல்லரிக்கவில்லை. எங்களில் அவள் கைதான் வேகம். வாய் அதைவிட வேகம்.

"ஏளா, எல்லாம் முடியும்னா அவன் எதுக்கு நம்மள மாதிரி அன்னாடங்காய்ச்சி ஊருக்கு வாரான்? அவனுக்கு என்னதான் வேணுமாம்?"

"உலகத்தையே ஆளணும்னு ஆசை, மதினி."

"ஆண்டு என்ன செய்யப் போறானாம்?"

நான் அரசனின் கோட்டையை மறுபடி வர்ணிக்கப் போனேன்.

"காரணமில்லாத கதைக்கு நான் பீடி போட மாட்டேன்" என்று அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். மற்றவர்களும் கையை மடக்கிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கேட்டது நியாயமாக இருந்ததுதான் பெரிய எரிச்சல். மறுநாளும் தட்டு காலியாக இருந்தால் அட்டை போய்விடும்.

எங்கள் பக்கத்தில் எல்லைச் சாமிக்குக் கொடை கழித்து, சோறும் கறியும் படைப்புப் போட மறந்தால் மாடு சாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் காணும் என்பார்கள். அதற்காக யாரும் அவரைக் கெட்டவர் என்று சொல்வதில்லை. பங்கு கேட்கிறார் என்றுதான் சொல்வார்கள். மறுநாள் அங்கிருந்து தொடங்கினேன்.

அரசன் ஒரு காலத்தில் அதே ஊரின் எல்லையைக் காத்தவன். ஒரு போரில் ஜெயித்த அன்று ஊரே கறியும் சோறும் பங்கு வைத்துச் சாப்பிட்டது. காவலில் நின்றவனை மட்டும் மறந்துபோனது. அவன் பசியோடு காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. கொடுக்காததை அன்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கினான்.

மதினியின் கை நின்றது. "அப்போ ஒரு படைப்பு போட்டு அவன விட்டுருளா. பாவம்லா."

"பச்சப் பிள்ளைக நிழலையும் எடுத்திருக்கான், மதினி. ஒரு இலைச் சோத்துல அது தீராது."

கதை என்னுடையது. படைப்புக்கு ஒத்துக்கொண்டேன், அவனைச் சும்மா விடுவதற்கு இறங்கிப்போகவில்லை. ஊர் ஒன்றுகூடி எல்லையில் அவனுக்குப் படைப்புப் போட்டது. அவன் வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். பிறகு நிழல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தான். பறித்த நிழல்களால் மட்டுமே அவன் உயிரோடு இருந்தான். அது அவனுக்கும் தெரியும். கடைசியாக இருந்தது ஒரு குழந்தையின் நிழல். அதையும் கொடுத்தான். சாப்பிட்ட இலை மட்டும் அங்கே கிடந்தது.

அந்த முடிவை நான் யாரிடமும் இரவல் வாங்கவில்லை. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

பெண்கள் ஒவ்வொருவராகப் பீடியை எடுத்து என் பக்கம் நீட்டினார்கள். மதினி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஒருத்தியும் போடாதிய" என்று அதட்டினாள். அவள் தன் தட்டைத் தூக்கி அப்படியே என் தட்டில் கவிழ்த்தாள்.

"இன்னைக்கு இவ பங்கு என் பொறுப்பு."

நான் நன்றி சொல்லவில்லை. வேலை செய்து கூலி வாங்குகிறவள் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?