சகலையின் தொண்டை

என் சகலை சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மனைவியின் தங்கை கணவர், ஊரப்பாக்கத்துக்காரர். பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டால் அடுத்த நொடி காணாமல் போகும். மெல்லுகிறாரா என்றே சந்தேகம்.

எனக்கு இருபது வயதிலிருந்து விழுங்குவதில் கோளாறு. உணவுக்குழாயின் அடிவாய் சரியாகத் திறக்காது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் பலூன் விட்டு விரித்தார்கள், கொஞ்சம் தேவலை. மீதியை நானே சமாளித்தேன். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர், முதுகை நிமிர்த்தி ஒரு நெளிப்பு. கல்யாணப் பந்தியில்தான் மானம் போகும். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நிற்கும். நான் அப்போதுதான் சாம்பாரில் இருப்பேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் சகலை. "இன்னாண்ணா, சோறு அப்டியே கீது?" என்று கேட்டுக்கொண்டே வடையைக் கடித்தார். அவருக்கு அடைத்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்தார், வியர்த்துப்போனார். சொன்னால் பாவம், எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

மறுநாளே தாம்பரத்தில் டாக்டரிடம் ஓடி, வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டார். வெறும் அசிடிட்டி.

"நீங்களும் போய்க் காட்டுங்க. ரெண்டு மாசமா கஞ்சிகூட இறங்கல" என்று ஐப்பசியில் ஒரு நாள் சொன்னாள் மனைவி.

"எனக்கு இது பழசும்மா" என்றேன். விடவில்லை, அதே டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "வருஷக்கணக்கா சாப்பாடு உள்ள தேங்கினா உணவுக்குழாய் புண்ணாகிட்டே இருக்கும் சார். பலூன் வெச்சு விரிச்சுட்டாலும் கேன்சர் வர வாய்ப்பு போயிடாது. அடைப்பு கூடினா, பழைய வியாதிதானேன்னு எல்லாரும் விட்டுடறீங்க." சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்று என்றே வந்தது.

சகலை வீட்டுக்கு வந்து தலை குனிந்து உட்கார்ந்தார். "நான் போனப்பவே உங்களையும் இட்டுகினு போயிருக்கணும்ணா."

"ஒரு வாய் அடைச்சதுக்கே நீங்க பயந்துட்டீங்க. எனக்கு தினமும் அடைக்குது, பயம் எங்கருந்து வரும்?" என்றேன்.

அவர் கண் கலங்கியது. அப்போதும் எனக்கு அவர்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. அந்தப் பயம்கூட அவருக்குத்தானே வாய்த்தது.